அண்ணனுக்குப் பிடித்த பாட்டு

"அந்தப் பாட்டை நிறுத்து கிறிஸ்டி!"

ஞானசௌந்தரி போட்ட சத்தத்தில், காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

கிறிஸ்டி நிறுத்தவில்லை. அவளுடைய அண்ணன் ஜெபராஜ் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. இரும்புலியூர் வீட்டு மாடியில் நினைவு ஜெபம் முடிந்து பாஸ்டர் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார். அண்ணனுக்கு உயிரான பாட்டு ஒன்று உண்டு; பழைய சினிமா டூயட். அதை யூடியூபில் தேடிப் பிடித்து, பொழிச்சலூரிலிருந்து ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பல்லவிகூட முடியவில்லை, அதற்குள் அண்ணியின் கூச்சல்.

"ஏன் நிறுத்தணும் அண்ணி? ஜெபம் பண்ண வீட்ல சினிமாப் பாட்டு கூடாதோ?"

"நான் அப்படிச் சொன்னேனா? நிறுத்துன்னா நிறுத்து."

"எங்க அண்ணன் பாட்டு இது. அவனுக்காக ரெண்டு நிமிஷம் கேட்கக்கூட உங்களுக்கு மனசு வரலையா?"

சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தாம்பரம் ஸ்கூலுக்குக் கூட்டிப்போகும்போது, வழியெல்லாம் அண்ணன் விசிலடித்த பாட்டு.

ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. அண்ணன் ஆசை ஆசையாக வாங்கிய மியூசிக் சிஸ்டத்தை, அடக்கம் முடிந்த மறுவாரமே காயலான் கடைக்குத் தள்ளிவிட்டவள்தானே இவள்? கல்லறைத் திருநாளுக்கு ஒரு பூ வைக்கக்கூட வரவில்லை. இன்றைக்கும் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அவன் எப்படா போவான்னு காத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டே விட்டாள்.

"அத்தை, ப்ளீஸ்..." அண்ணன் மகன் ஜெர்சன் எழுந்து ஸ்பீக்கர் பக்கம் வந்தான்.

"தொடாதே! பெத்த அப்பனுக்குப் பிடிச்ச பாட்டு, உனக்கும் ஆகலையா?"

கீழ் வீட்டு வேதசிரோமணி சமாதானம் பண்ணப் பார்த்தார். "விடும்மா. பாட்டைக் கேட்டதும் அவங்களுக்குத் தாங்கலை போல. ஜெபராஜ் சார் ஆபீஸ் விட்டு வந்தார்னா இங்க இந்தப் பாட்டுதான் அலறும். எங்க வீட்ல நாங்க பேசறதே எங்களுக்குக் கேட்காது. என் வொய்ஃப் சொல்லுவா, கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் பொண்டாட்டி மேல எவ்ளோ ஆசை பாருங்க, நீங்களும்தான் இருக்கீங்களேன்னு."

"கேட்டீங்களா அண்ணி? கீழ் வீட்டுக்காரங்களுக்குத் தெரியுது. கூட வாழ்ந்த உங்களுக்குத் தெரியலை!"

கிறிஸ்டி வேண்டுமென்றே சத்தத்தை இன்னும் கூட்டினாள். சரணம் ஆரம்பித்தது.

ஞானசௌந்தரி நேராக வந்து ஸ்பீக்கரை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தாள். அது உடைந்து சிதறியது. யாரோ "ஐயோ" என்றார்கள். ஜெர்சன் அம்மாவைப் பிடித்துக்கொண்டான்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" கிறிஸ்டி கத்தினாள். "ராணி மாதிரி வெச்சிருந்தானே உங்களை! அந்தப் பாட்டைக் கேட்டா அவன் முகம் ஞாபகத்துக்கு வரலையா?"

"வருது."

"அப்புறம் என்ன?"

ஞானசௌந்தரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாத்தனாரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"உங்க அண்ணன் வந்ததும் கதவைச் சாத்துவார், கிறிஸ்டி. நான் கத்துறது கீழ கேட்கக் கூடாதுன்னு இந்தப் பாட்டை அலற விடுவார். அதுக்கப்புறம்தான் இடுப்புல இருந்து பெல்ட்டைக் கழட்டுவார்."