கம்பி இல்லாத மீட்டர்

சனிக்கிழமை தூக்கிய பைப்பு ஞாயிற்றுக்கிழமையும் என் தோளை விட்டு இறங்கவில்லை.

ஹேண்டில்பாரைப் பிடித்தால் கழுத்து வரை இழுத்தது. அந்தத் தோளோடுதான் சதாசிவத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். மெதுவாக மிதிப்பதுதான் கொடுமை. வேகமாகப் போகிறவனுக்குக் காற்றாவது மிச்சம்.

பூஞ்சேரி தாண்டி, கல்பாக்கத்தைப் பார்த்த ரோடு. அவன் மணல் ஓரம். நான் லாரி ஓரம்.

இரண்டு பேருக்கும் சாரம் கட்டும் வேலை. அறுபது அடி உயரத்தில் பலகைமேல் பீடி பிடித்துக்கொண்டே நடக்கிறவன் சதாசிவம். சுனாமிக்கு அடுத்த வருடம் சொந்த வீட்டு முருங்கை மரத்திலிருந்து விழுந்தான். காய் பறிக்க ஏறியிருக்கிறான். தொடையில் பிளேட்டு வைத்து எட்டு மாதம் ஆகிறது.

"திங்கக்கிழமை அவனே சைக்கிள்ல வந்து சைட்ல நிக்கட்டும். இல்லாங்காட்டி வேற ஆளைப் போட்டுக்குறேன்" என்று மேஸ்திரி உலகநாதன் சொல்லிவிட்டார். வந்து நின்றால் போதும். எந்த வேகத்தில் வந்தான் என்று அவர் கேட்கப்போவதில்லை.

வேகம் கேட்டவன் சதாசிவம்தான். பழையபடி மணிக்கு இருபது கிலோமீட்டரில் மிதிக்க வேண்டுமாம். நொண்டிக்கொண்டு போய் நாலு பேர் முன்னால் நிற்க மாட்டானாம். மூன்று ஞாயிறு மிதித்துப் பார்த்தான். பதினொன்றைத் தாண்டவில்லை. இன்றும் தாண்டாவிட்டால் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவதாகப் பூவாயியிடம் சொல்லியிருக்கிறான். பூவாயி அவன் பெண்டாட்டி. எட்டு மாதமாக அவள்தான் செங்கல் சுமக்கிறாள்.

வேகம் காட்டும் மீட்டரை அவனுக்கு மாட்டிவிட்டது நான். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருக்கும் ராகவன் சார் வேண்டாம் என்று கொடுத்தது. ஆரக்கம்பியில் ஒரு காந்தம், முன் ஃபோர்க்கில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சென்சார் காற்றிலேயே ஒரு தட்டு தட்டும். ஹேண்டில்பாரில் இருக்கும் மீட்டர் அதை எண்ணிக்கொள்ளும்.

"ஒயரே இல்லாம இவன் இன்னாத்தக் கண்டுக்குவான்?" என்று முதல் நாள் அதை மோந்து பார்த்தான் சதாசிவம்.

இப்போது அதைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்தொன்பது.

மூச்சு விடாமல் மிதித்தான்.

இருபத்தொன்று.

"மச்சான்! ஏசு மச்சான்! இருபத்தொண்ணு காட்டுது மச்சான்!"

"ரோட்டைப் பார்றா."

"காத்தே மேல படலியே?"

"பின்காத்துடா. முதுகுல தள்ளிகினு வருது."

நம்பினான். அந்த நேரம் பின்னால் மணி அடித்தது. கேரியரில் மீன் கூடை கட்டிய சைக்கிளில் முனியம்மா எங்களைத் தாண்டிப் போனாள். வெற்றிலையை மென்றுகொண்டே போனாள்.

"இன்னா மச்சான், இந்தப் பொம்பள ராக்கெட்டு வுட்டுகினு போறா?"

"மீனு கெட்டுப்பூடும்னு ஓடுறா. நீ மிதி."

எதிரே இரண்டு லாரி. ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன. நான் பிரேக் பிடித்து, அவனுக்குப் பின்னால் ஒதுங்கினேன். எங்களுக்குள் நாலு கெஜம் இடைவெளி விழுந்திருக்கும்.

அவன் தோள் இறங்கியது எனக்குத் தெரிந்தது.

"போச்சு மச்சான். பதினொண்ணுக்கு வந்துட்சி."

குரல் உடைந்துவிட்டது. கால் நின்றுவிட்டது. சைக்கிள் அது பாட்டுக்கு மணலைப் பார்த்து உருண்டது.

தோளை மறந்துவிட்டு எழுந்து நின்று மிதித்தேன். முழங்கை முழங்கையில் இடிக்கிற அளவுக்கு ஒட்டி வந்தேன்.

"லாரி காத்துடா அது. மிதி! முருங்கை மரத்துலேர்ந்து வுழுந்தவனே, மிதி!"

திட்டினால்தான் அவனுக்குக் கால் ஓடும். மிதித்தான். இருபது. இருபத்திரண்டு. புதுப்பட்டினம் வரை இருபத்திரண்டு.

டீக்கடை முன்னால் இறங்கி, பிளேட்டு வைத்த காலால் தரையை ஓங்கி மிதித்தான். வலித்திருக்கும். சிரித்தான்.

"அண்ணாத்த, ரெண்டு டீ! இருபத்திரண்டுல வந்துகீறேன்!"

டீ ஆற்றுகிறவர் எங்கள் இருவரையும் பார்த்தார். சாலையைப் பார்த்தார். முனியம்மா அங்கே டீ குடித்து முடித்துக் கூடையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கிளாஸை எடுத்து வைத்தார்.

"நாளைக்கு ஆறு மணிக்குக் கெளம்புனா போதும் மச்சான். இந்த வேகத்துல கரெக்டா சைட்ல நிப்போம்."

"அஞ்சரைக்கே வந்துடு. வழியில டீ குடிக்கலாம்."

தலையை ஆட்டிவிட்டு, பன் எடுக்க உள்ளே போனான். நொண்டினான். நொண்டுவது அவனுக்கே தெரியவில்லை.

நான் என் சைக்கிளில் தொங்கிய பைபிள் பையைத் தூக்கினேன். அதற்குப் பின்னால், என் முன் ஃபோர்க்கில், இன்னொரு சென்சார் இருந்தது.

ராகவன் சார் கொடுத்தது இரண்டு. ஒன்று அவருடையது, ஒன்று அவர் வீட்டம்மாவுடையது. சேர்ந்து போனால் இவர் சக்கரத்தின் தட்டு அந்த அம்மாவின் மீட்டரில் ஏறியதாம், அந்த அம்மாவுடையது இவர் மீட்டரில். எது யாருடையது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. கை எட்டும் தூரத்தில் யார் தட்டினாலும் எண்ணிக்கொள்ளும். இதற்குப் போய்த்தான் அவர் சலித்துக்கொண்டு தூக்கிக் கொடுத்தார்.

நேற்று ராத்திரிதான் என் சைக்கிளில் மாட்டினேன். அவன் பதினொன்று, என் பதினொன்று.

இனி அவன் கால் தானாக இருபதைத் தொடும்வரை, தினமும் ஒரு கை தூரத்தில் நான் மிதிக்க வேண்டும். தொடும் அன்றைக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். அடிப்பான். அடிக்கட்டும்.

அதுவரை சதாசிவத்துக்கு நான் பதினோரு கிலோமீட்டர் பாக்கி.