வெள்ளை படாத இடம்

"பெயின்ட்ல களவு நடந்திருக்கு!"

மொட்டை மாடியில் நின்று கத்தினான் ரெக்ஸ்.

தளம் முழுக்க, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை பெயின்ட். தெற்கு மூலையில் மட்டும் ஒரு அறை அகலத்துக்கு வெறும் சிமென்ட்.

ஆக்னஸ் குனிந்து தொட்டுப் பார்த்தாள். "யம்மா, சுடுது! வெள்ளையில கைய வச்சா ஒண்ணுமே இல்ல. எங்க வீட்டுல நேத்திலேர்ந்து ஏசியே போடல, தெரியுமா?"

"அதான் கேக்கேன். இந்த மூலைக்கு உள்ள பெயின்ட் எங்க போச்சு?"

பெயின்டர் அற்புதமணி தலையைச் சொறிந்தார். "செயலாளர் அண்ணாச்சிதான் இத விட்டுருன்னாவ."

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சிவபாலன். கரண்ட் மிச்சமாகும், பூமிக்கும் நல்லது என்று வீடு வீடாக ஏறி எல்லாரையும் சம்மதிக்க வைத்தவர்.

ரெக்ஸ் சிரித்தான். "பூமிக்கு நல்லதா? கீழ்வீட்டு விஜிலா இங்க கருவாடு காயப்போட்டு விக்கால்லா? அவரு சைவம். மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் படியேறுவாரு. வெள்ளத் தரையில சூடு நிக்காது, கருவாடு காயாது. அவள விரட்டத்தான் இந்தப் பெயின்ட்டே!"

"பாவம், என்கிட்ட வந்து அழுதா," என்றாள் ஆக்னஸ். "உங்க வீட்டுக்கு மேல மட்டும் கொஞ்சம் விடுங்கக்கான்னு. அதெப்படி? நம்ம வீடுல்லா வேகும்?"

"என்கிட்டயும் கேட்டா. முடியாதுன்னுட்டேன். அவ நெத்திலி இல்லாம எனக்குச் சோறு எறங்காது, அது வேற விசயம்."

மூவரும் இறங்கிப் போய், மேல்மாடியின் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

சிவபாலன் திறந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. உள்ளே ஃபேன் சுற்றியும் அனல் முகத்தில் அடித்தது.

"வாங்க. கொஞ்சம் வெக்கையா இருக்கும்."

ரெக்ஸ் உள்ளே நுழையாமலே கேட்டான். "தெக்கு மூலைக்கு ஏன் அண்ணாச்சி பெயின்ட் அடிக்கல?"

"விஜிலாவுக்குக் கருவாடு காயப்போட இடம் வேண்டாமா?"

"உங்களுக்குத்தான் அந்த வாடையே ஆகாதே?"

"இப்பவும் ஆகாதுதான்."

ஆக்னஸ் மெல்ல நிமிர்ந்து மேலே பார்த்தாள். "அண்ணாச்சி... தெக்கு மூலைன்னா, உங்க படுக்கையறைக்கு மேலல்லா வருது?"

சிவபாலன் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார்.

"வேற யாரும் அவங்க வீட்டுக்கு மேல இடம் தரலன்னு சொன்னா."