மூலையில் ஒரு சிவப்புத் துண்டு

வார்டரின் கை போர்வையின் மேல் ஊர ஆரம்பித்ததும், எதிரே புளியமரத்தடியில் நின்ற கமருன்னிசா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளைத் துப்பட்டியை முகம் மறைய இழுத்து விட்டிருந்தாள். பக்கத்தில் போக அவளுக்குத் துணிச்சல் இல்லை. வராமல் வீட்டில் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை.

ஜெயில் வாசலில் பாப்பாயி நின்றாள். அவள் தலையில் சுமந்து வந்த ஒட்டுப்போர்வை மேஜைமேல் கிடந்தது. உள்ளே இருக்கிற புருஷன் ரத்தினவேலுக்குத் தைப் பனியில் போர்த்திக்கொள்ள. அப்படித்தான் சொல்லவேண்டும் என்று கமருன்னிசா பாடம் பண்ணி அனுப்பியிருந்தாள்.

மேலே எல்லாம் தையற்கடை வெட்டுத் துண்டுகள். கைலிக் கட்டம், சீட்டித் துணிப் பூ, யாருடைய சட்டையிலோ மிஞ்சிய காலர்.

மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் கொடி இருந்தது.

காவி, வெள்ளை, பச்சை. அதுவும் துண்டுதுண்டாக ஒட்டித் தைத்ததுதான். யுத்த காலத்தில் முழுத்துணிக்கு எங்கே போவது? பச்சை, தர்கா சந்தனக்கூட்டுக்குக் கொடி தைத்ததில் மிஞ்சியது. காவிக்குப் பழைய வேட்டியைக் கிழித்துக் காவிக்கல் கரைசலில் முக்கினார்கள். வெள்ளை மட்டும் புதுசு. போலீஸ் பிடித்துக்கொண்டு போன அன்று, உறையூர் வீட்டுத் தறியில் ரத்தினவேல் பாதியில் விட்டுப் போன துணி.

நடுவில் நீல நூலில் ஒரு ராட்டை. கொஞ்சம் கோணல்தான், போகட்டும்.

மேல்துணியைப் பிடித்திருந்தது ஒரே ஓட்டுத்தையல். நூல்முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று உருவிக்கொண்டு வந்துவிடும். போன தடவை பார்க்க வந்தபோதே பாப்பாயி அதை ரத்தினவேலின் காதில் போட்டிருந்தாள். இன்றைக்கு ஜனவரி இருபத்தாறு. காங்கிரஸ்காரர்கள் சுதந்திர தினம் என்று கொடியேற்றுகிற நாள். உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டும் கொடி வேண்டாமா?

அகப்பட்டால் ரத்தினவேலுக்குத் தனிக்கொட்டடி. பாப்பாயிக்கும் உள்ளே ஓர் இடம் கிடைத்துவிடும்.

தைத்த நாளெல்லாம் இரண்டு பேருக்கும் கால் தரையில் பாவவில்லை. விரலில் ஊசி குத்தினால்கூடச் சிரிப்புத்தான் வந்தது.

"வாசல்ல அவரு பிரிச்சுப் பாத்துட்டாருன்னா என்னக்கா பண்றது?" என்று பாப்பாயி மட்டும் நடுநடுவே கேட்டாள்.

"பிரிக்க மாட்டாரு. கண்ணால பாக்குற ஆளில்ல அவரு, கையாலதான் பாப்பாரு. காயிதம் கீயிதம் சரசரங்குதான்னு நடுவுல தடவுவாரு. அம்புட்டுத்தான்."

கமருன்னிசா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாப்பாயி நம்பினாள்.

சரியாகத்தான் இருந்தது. கை நடுவில் தடவியது. அழுத்திப் பார்த்தது. புரட்டிப் போட்டு மறுபடி தடவியது. கமருன்னிசா துப்பட்டிக்குள் சிரிக்க ஆரம்பித்தாள்.

கை மூலைக்குப் போய் நின்றுவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மூலையில் ஒரு சிவப்புத் துண்டு, வேண்டுமென்றே கோணலாக வைத்துத் தைத்தது. கண் படக்கூடாது என்று அவள் வைப்பது. விலைக்குத் தைக்கிற போர்வைகளில் வைக்கவே மாட்டாள். தன் வீட்டாருக்குத் தைப்பதில் மட்டும்தான். இருந்த சந்தோஷத்தில் கை தன்பாட்டுக்கு அதை வைத்துத் தைத்துவிட்டிருக்கிறது.

அடிப்பாவி, கெடுத்தாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வார்டரின் கட்டைவிரல் அந்தச் சிவப்பை அழுத்தியது. அவர் தலை நிமிரவில்லை.

பிறகு அவர் போர்வையை நான்காக மடித்தார். சிவப்பு மூலை உள்ளே போகும்படி மடித்தார்.

"உள்ள கொண்டுபோய்க் குடுத்துடுய்யா," என்று பக்கத்திலிருந்த காவலரிடம் நீட்டினார்.

பாப்பாயி சாலையைக் கடந்து ஓடிவந்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். மதில் முடிகிற திருப்பத்துக்கு வந்திருப்பார்கள், பின்னால் எழுந்தது சத்தம்.

வந்தே மாதரம்! வந்தே மாதரம்!

திரும்பினார்கள். மதிலுக்கு மேலே, ஓர் ஒட்டடைக் கம்பின் நுனியில், ஒட்டுப்போட்ட கொடி. காற்று வாங்கிப் படபடவென்று அடித்துக்கொண்டது. அதைப்போல் அழகான ஒன்றைக் கமருன்னிசா அதுவரை பார்த்ததில்லை.

"அக்கா, நம்ம ராட்டைக்கா!" என்று பாப்பாயி நடுரோட்டில் குதித்தாள். அழுதுகொண்டே குதித்தாள்.

உள்ளே விசில் ஊதினார்கள். பூட்ஸ் கால்கள் ஓடின. கம்பு சாய்ந்தது. சாய்ந்தால் சாயட்டும், ஏறிவிட்டதே!

பொழுது சாய்ந்ததும் கமருன்னிசாவின் வீட்டுக்காரர் குத்புதீன் வந்தார். ஜெயில் வார்டர். வீட்டுக்குள் நுழைந்ததும் பித்தளை வில்லை வைத்த பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவது அவர் வழக்கம்.

இன்றைக்கு மாட்டுவதற்குப் பெல்ட் இல்லை. தலைப்பாகையும் இல்லை.

அவள் வெற்று ஆணியைப் பார்த்தாள். சோறு போட்டாள். அவர் எப்போதும் போல நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து படுத்து, தன் ஒட்டுப்போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அவர் கட்டைவிரல் அதன் மூலையைத் தேடிப் போய்ச் சிவப்புத் துண்டின்மேல் நின்றது.

"கொடி நல்லாத்தான் பறந்துச்சு," என்றார். "ராட்டைதான் வண்டிச் சக்கரமாட்டம் இருந்துச்சு."