ஜன்னல் திரையில் தைத்த கிளிகள்

மருந்துக் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள். ஆறாவதில் நான் நிற்கிறேன். நோய் ஓயும்வரை வாசலைத் தாண்டமாட்டோம் என்று வெளியூரிலிருக்கும் மகளிடம் நானும் மனைவியும் சத்தியம் செய்திருக்கிறோம். மனைவி குளிக்கப் போனதும் என் படுக்கையில் தலையணைக்குப் போர்வை போர்த்திவிட்டு இருமல் மிட்டாய்க்காக வந்துவிட்டேன். தலையணை என்னைவிட நன்றாகவே குறட்டை விடும். என் வழுக்கையில் தெறிக்கும் வெயில் எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடிவரை வெளிச்சம் போடுகிறது. கண் கூசி, முன் வட்டத்துப் பெண்மணி திரும்புகிறாள். அவள் முகக்கவசத்தில் நீலக் கிளிகள். என் முகத்திலும் அதே கிளிகள். எங்கள் ஜன்னல் திரையை வெட்டித் தைத்தவளே எதிரில் நிற்கிறாள்.

“நீங்க தூங்கலையா?”

“நீ குளிக்கலையா?”

அவள் கையிலிருந்த காலித் தலைச்சாய டப்பா முதுகுக்குப் பின்னால் போகிறது. என் சட்டைப் பையில் போன் அடிக்கிறது. மகள்.

“அப்பா, வீட்லதானே இருக்கீங்க?”

“வேற எங்கம்மா போவோம்?” என்கிறேன். பக்கத்தில் ஒரு பஸ் ஹார்ன் அலறுகிறது.

“என்னப்பா சத்தம்?”

“அம்மா தும்முறா. மிளகு டப்பாவைக் கொட்டிட்டா.”

மனைவி ஒரு கணமும் யோசிக்காமல், பஸ்ஸே ஒதுங்கிப் போகும்படி ஒரு தும்மல் போடுகிறாள்.

“பாத்துப்பா, கண்ணுல பட்டுடப் போகுது,” என்று மகள் போனை வைக்கிறாள். நிமிர்ந்து பார்க்கிறேன். எங்களுக்கு முன்னால் ஆட்கள் நின்றிருந்த நான்கு வட்டங்களும் காலி.