மாமனார் தலையில் சொட்டும் ஏசி

“ஏங்க, அப்பா தலையணை மறுபடியும் நனைஞ்சு கிடக்கு. நீங்க செஞ்ச ரிப்பேர் ரொம்ப அழகு!”

மனைவி ஈரத் தலையணையைக் கொண்டுவந்து கணவரின் மடியிலேயே போட்டாள். அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரும் நனைந்தது.

“நேத்துதானே குழாய்க்குள்ள வெந்நீர் ஊத்தினேன்? ஏசின்னா தண்ணிய வெளியேத்தத்தான் செய்யும்.”

“வெளியேத்துறதுன்னா வீட்டுக்கு வெளிய. எங்கப்பா மண்டையில இல்ல.”

விஷயம் இதுதான். தனியாக இருக்கும் அப்பாவை, கோடை முழுக்க இங்கேயே இருக்கட்டும் என்று அழைத்து வந்து, உள்ளறையில் குடிவைத்திருந்தாள் மகள். அவர் வந்து கொஞ்ச நாளிலேயே அந்த அறை ஏசி ஒழுக ஆரம்பித்துவிட்டது. அந்தப் புழுக்கத்தில் ஏசி போடாமல் படுக்க முடியாது, கட்டிலை நகர்த்தவும் இடமில்லை. ஈரத்தில் படுத்தால் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். ஹால் சோபாவில் கால் நீட்ட முடியாது. ஏசி சரியானால் மாமனார் இருப்பார். இல்லாவிட்டால் அவரை அவர் வீட்டுக்கே அனுப்பிவைக்க வேண்டியதுதான்.

மாப்பிள்ளை இதில் எதை வேண்டிக்கொண்டிருந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். மாமனார் வந்த அன்றே ரிமோட் கைமாறியது. பேப்பர் கசங்கிய பிறகுதான் கைக்கு வந்தது. மாமனாரின் நக்கல் மட்டும் சுடச்சுட வந்தது.

“மெக்கானிக்கை வரச் சொல்லிட்டேன்” என்றாள் மனைவி.

“மெக்கானிக் எதுக்கும்மா?” என்று கேட்டபடி மாமனார் வந்தார். ஏசிக் காற்று ஆகாது என்று இரண்டு காதிலும் தைலம் தொட்ட பஞ்சு வைத்திருப்பார். ஆனாலும் தனக்கு வேண்டியது மட்டும் எப்படியோ கேட்டுவிடும். “அதான் மாப்பிள்ளை இருக்காரே? இன்னும் நாலு தடவ வெந்நீர் ஊத்தினாருன்னா ஏசி குளிச்சு முழுகி ஜம்முனு ஆயிடும்.”

“கிண்டல் பண்றீங்க மாமா.”

“சேச்சே! இப்படி ஒரு கைராசிக்காரரை நான் கிண்டல் பண்ணுவேனா? நீங்க கை வெச்சப்புறம்தானே சொட்டிக்கிட்டிருந்தது கொட்டவே ஆரம்பிச்சுது?”

மாப்பிள்ளை பல்லைக் கடித்தார். இத்தனைக்கும் மாமனார் வேலையில் இருந்த காலமெல்லாம் ஊருக்கே தண்ணீர்க் குழாய் அடைப்பு எடுத்தவர். தன் தலையில் சொட்டும் இந்த ஒரு குழாயைத்தான் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் வேலை செய்தால் மரியாதை குறைந்துவிடுமாம்!

“அப்பா, நீங்க சும்மா இருங்க. காலைல வாக்கிங் போனீங்களா? காப்பில சர்க்கரை போட்டுக்கலையே?”

“இந்த வீட்டுல சர்க்கரை எங்க இருக்குன்னு எறும்புக்கே தெரியாதும்மா.”

“அங்க தனியா விட்டா பொரிச்சது வறுத்ததுன்னு தின்னுட்டு, சீட்டாடிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. ஏசி சரியானா போதும், உங்கள விடவே மாட்டேன்.”

வாசல் மணி அடித்தது. மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போனது. மாமனாருக்குத் தும்மல் வந்தது.

மெக்கானிக் நேராக பால்கனிக்குப் போய், வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயின் முனையைக் குனிந்து பார்த்தார்.

“அம்மா, யாரோ வாயை அடைச்சிருக்காங்க.”

“குருவி ஏதாச்சும் கூடு கட்டியிருக்கும்” என்றார் மாப்பிள்ளை அவசரமாக.

மெக்கானிக் பிடித்து இழுத்தார். பாசியோடு வழவழவென்று ஒரு கறுப்பு சாக்ஸ் வந்தது.

“ஓஹோ, குருவி ஆபீசுக்குப் போகுதா?” என்றாள் மனைவி. “இதோட ஜோடிய வெச்சுக்கிட்டு, ஒத்தை சாக்ஸ் எங்கன்னு நான் தேடாத இடமில்ல! எங்கப்பாவ விரட்ட சாக்ஸா? வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?”

“எப்போ கிளம்புறீங்கன்னு மாமனார்கிட்ட எந்த மாப்பிள்ளையாவது கேக்க முடியுமா?”

“அப்படியா? அப்பா, இந்தக் கோடை என்ன, அடுத்த கோடை வரைக்கும் நீங்க இங்கதான்!”

மாமனார் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். மகளின் பாசத்தில் அப்படியே நெகிழ்ந்துவிட்டார் போலிருக்கிறது.

மெக்கானிக் உள்ளே வந்து ஏசியின் மூடியைக் கழற்றினார். சோதித்துப் பார்க்க, அதன் அடித்தட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். பால்கனிக் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. அத்தனையும் வழிந்து மெத்தையில்தான் விழுந்தது.

“இங்கயும் ஒரு அடைப்பு இருக்கும்மா. சாக்ஸை விட இது கெட்டிக்காரத்தனமான வேலை” என்ற மெக்கானிக், தட்டின் மூலையிலிருந்த ஓட்டைக்குள் வளைந்த கம்பியை விட்டுத் துழாவினார். ஊறிப்போன பஞ்சு உருண்டை ஒன்று வெளியே வந்தது.

“இதுவும் நீங்கதானா?” மனைவி கணவரின் பக்கம் திரும்பினாள்.

“சத்தியமா இல்ல! என் புத்தி சாக்ஸோட சரி!” என்று அலறிய மாப்பிள்ளைக்குச் சட்டென்று மூக்கில் ஏதோ ஏறியது. அறை முழுக்கத் தைல வாசனை.

மூன்று பேரும் மெல்லத் திரும்பினார்கள். மாமனாரின் கை தானாகக் காதுப் பஞ்சைத் தொட்டது.

“அவரைத் திட்டாதம்மா” என்றார் பரிதாபமாக. “என்னை அனுப்பிடுன்னு உங்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல. மாப்பிள்ளை சாக்ஸ் வெக்கிறதைப் பார்த்ததும் அப்பாடான்னு இருந்தது. ஆனா அது ஓட்டை சாக்ஸ்ம்மா, அதை நம்பிக்கிட்டிருந்தா நான் என்னிக்கு என் வீடு போய்ச் சேர்றது?”