நாலடி தள்ளி வைத்த பீரோ

வீட்டு நிம்மதிக்கு, ஃபெங் சுயி என்னும் சீன வாஸ்து நிபுணர் போட்ட விலை ஆயிரம். கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசி மூன்று மாதமாகியிருந்தது. ஜன்னலில் அவர் கட்டிய மணி, கனவில் கேட்பதுபோல் கிணுகிணுத்தது.

“பீரோதான் பேச்சை அடைக்குது. நீங்க ரெண்டு பேருமே நாலடி கிழக்கே தள்ளுங்க,” என்றார். “ வேற யார் கையும் படக்கூடாது.”

குடிவந்த அன்று இருவரும் சிரித்துச் சிரித்துத் தூக்கி வைத்த பீரோ அது. ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

“பாத்து, கால்ல போட்டுக்காதே,” என்றான் கணவன்.

“உங்க இடுப்பைப் பாருங்க. தைலம் தேய்க்க எனக்கு நேரமில்லை.”

அவன் சிரித்துவிட்டான். பீரோ விட்ட இடத்தில் மாலை வெயில் வந்து உட்கார்ந்தது. “டீ போடறேன்,” என்று உள்ளே போனான்.

வாசலில் நிபுணரை வழியனுப்பும்போது அவள் குரலைத் தாழ்த்தினாள். “நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்லிட்டீங்க. இந்தாங்க ஆயிரம்.”

“வேண்டாம்மா. மேஜைல என் கார்டைப் பாத்துட்டு உங்க வீட்டுக்காரர் நேத்தே வந்தார். இதையேதான் சொல்லச் சொல்லி, பணமும் கொடுத்துட்டார். ஒரே பீரோவுக்கு ரெண்டு தடவை வாங்கினா எனக்கே அடுக்காது.”

“சர்க்கரை எத்தனை ஸ்பூன்?” என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

அவள் கணக்குப் பார்த்தாள். நகர்ந்தது நாலடி. ஆளுக்கு இரண்டடி இறங்கி வந்திருக்கிறார்கள். பாக்கி இல்லை.