டம்ளர்கள் நின்றதும்

அலமாரியில் இருந்த டம்ளர்கள் கிணுகிணுக்கத் தொடங்கின.

"என்னம்மா இது தொல்லை?" வெளியூரிலிருந்து வந்திருந்த மகன் எழுந்தே விட்டான்.

"பக்கத்து வீட்டு நர்ஸ் பொண்ணு துணி துவைக்கிறா. இப்ப நின்னுடும், உட்காருடா."

"தினமுமா?"

"சாயங்காலமானா போடுவா."

மகனுக்கு ரயில்பெட்டி செய்யும் கம்பெனியில் அதிர்வுக் கணக்குப் போடும் வேலை. ஒவ்வொரு பலகையும் எப்படி ஆடுகிறது என்று தனித்தனியாகப் பார்த்தால் ஆயுசு போதாது. மோட்டாரிலிருந்து தரைக்கு மொத்தம் எவ்வளவு அதிர்வு இறங்குகிறது, அதில் எவ்வளவு சுவருக்குத் தாவுகிறது, எவ்வளவு வழியிலேயே அடங்கிப்போகிறது என்று சராசரி பார்த்தே, இருக்கை எவ்வளவு ஆடும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவான்.

சுவரில் உள்ளங்கையை வைத்தான். தரை வழியாக மட்டும் வந்தால் டம்ளர் லேசாக முனகத்தான் வேண்டும். இதுவோ கூத்தாடுகிறது.

"மெஷினுக்கும் சுவருக்கும் நடுவுல ஏதோ முட்டிக்கிட்டு இருக்கும்மா. நான் போய் எடுக்கச் சொல்லிட்டு வரேன்."

"வேணாம்டா. உங்கப்பா மோட்டார் ஓட்டினப்போ ஆடாத டம்ளரா?"

பக்கத்து வீடு அப்போது அப்பாவின் பட்டறை. மோட்டாருக்குக் கம்பி சுற்றி, சாயங்காலம் ஓட்டிப் பார்ப்பார். டம்ளர்கள் ஆடும். அவை நின்றதும் அம்மா அடுப்பில் டீ வைப்பாள். டீ கொதிக்கவும் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வரவும் சரியாக இருக்கும். அவர் டம்ளரில் மிச்சம் வைக்கும் கடைசி வாய் டீ மகனுக்கு. அவர் போன பிறகு பட்டறையை வாடகைக்கு விட்டார்கள்.

அந்த நினைப்பெல்லாம் அவன் கோபத்தைக் குறைக்கவில்லை. போய்க் கதவைத் தட்டினான்.

அவன் சந்தேகப்பட்டது சரி. மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மரக்கட்டை இறுக்கமாக அடித்து வைக்கப்பட்டிருந்தது.

"வேணும்னே செஞ்சிருக்கீங்களா? வயசானவங்க இருக்கிற இடம்னு ஒரு இது வேணாம்?"

சொல்லிக்கொண்டே மெஷினின் கண்ணாடிக் கதவைப் பார்த்தான். உள்ளே துணியும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒற்றைச் செருப்பு ஒன்று சுற்றிச் சுற்றி மோதிக்கொண்டிருந்தது.

"மெதுவா பேசுங்கண்ணா, அம்மாவுக்குக் கேட்டுடும்" என்றாள் நர்ஸ். "நான் குடிவந்த புதுசுல அவங்க சாயங்காலம் லைட்கூடப் போடாம உட்கார்ந்திருப்பாங்க. ஒருநாள் துணி போட்டேன். மெஷின் நின்ன கொஞ்ச நேரத்துல ரெண்டு டம்ளர் டீயோட வாசல்ல நிக்கிறாங்க. 'பழக்க தோஷத்துல போட்டுட்டேம்மா, குடி'ன்னாங்க. அன்னிக்குத்தான் அவங்க சிரிச்சுப் பார்த்தேன். இப்பல்லாம் மெஷின் நின்னதும் நானே அங்க போயிடுவேன். தினமும் துவைக்கத் துணிக்கு நான் எங்கே போறது, சொல்லுங்க?"

மகன் குனிந்து கட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"இதை இன்னும் கொஞ்சம் மேலே வெச்சு அடிங்க. அதிர்வு சுவருக்கு நல்லாத் தாவும்."

அவன் வீட்டுக்குள் நுழையவும் டம்ளர்கள் நிற்கவும் சரியாக இருந்தது. அம்மா அடுப்பைப் பற்றவைத்து, மூன்று டம்ளர்களை எடுத்து வைத்தாள்.

"என்னடா, சண்டை போட்டியா அவகிட்ட?"

"இல்லம்மா. பாவம், நிறைய துணி."

அம்மா சிரித்துவிட்டாள்.

"போடா. துவைச்சா குழாயில தண்ணி கொட்டுற சத்தம் கேக்காதா? அது கேட்டு எத்தனையோ மாசமாச்சு." வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியும்னு உளறி வைக்காதே. யாருமில்லாத பொண்ணு, கூச்சக்காரி. சும்மா கூப்பிட்டா டீக்கு வரமாட்டா."